நாலு என்றால் ஐந்தாவது

முக்கூடல் பீடிக் கம்பெனியின் பின்கட்டில்
இலைமூட்டைகளைத் தாண்டிப் போனால்
ஏசி போட்ட ஒரே அறை.
அதில் மனிதர் யாரும் உட்காருவதில்லை.

பதினோரு நாளாக அது கத்தியிருக்கிறது.
"விடிய விடிய கீச்சு கீச்சுன்னு...
எலிக்குஞ்சுன்னுல்லா நெனச்சேன்"
என்கிறார் இரவுக்காவல் சொள்ளமுத்து.
சத்தம் வரும் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து
புகையிலைச் சாக்கின் கிழிசலை மடித்துத் திணித்து
மேலே செல்லோடேப்.
நேர்த்தியான வேலை.
பிரிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது.

கத்தியதோடு விடவில்லை, எழுதியும் இருக்கிறது.
காலை ஆறு மணிக்கு, நாள் தவறாமல்,
'டிஸ்க் ஒன்று போய்விட்டது' என்று
ஆறுமுகநயினாரின் முகவரிக்கு.
அவர் மஸ்கட் போய் ஒன்பது மாதம்.

ரூட்டாக நுழைந்து கேட்டேன்.
கருந்திரை சுற்றி வளைக்காமல் சொன்னது:
டிஸ்குகள் ஆறு.
ஸ்லாட் நாலு, செத்தது.
ஸ்லாட் ஒன்று, ஓடுகிறது; பிழை முப்பத்தேழு.
பேட்டரி, மாற்றவும்.
உபரி டிஸ்க், இல்லை.
(இருந்தது. போன வருடமே களத்தில் இறங்கிவிட்டது.
அடுத்ததை வாங்கும் காகிதம்
யார் மேஜையிலோ தூசி தின்கிறது.)

நாளை சனிக்கிழமை. பகல் பன்னிரண்டுக்குச் சம்பளம்.
செய்யதலி பாத்திமா சுற்றிய இருபத்திரண்டு வருடம்
முழுதாக எந்த டிஸ்கிலும் இல்லை.
நறுக்கிய இலைபோல்
ஆறு தட்டிலும் பரப்பியிருக்கிறது.
செத்த தட்டில் இருந்ததை
மிச்சம் ஐந்தும் ஒவ்வொரு தடவையும்
கூட்டிக் கழித்துச் சொல்கின்றன.
பதினோரு நாளாக இதே கணக்கு, மூச்சு வாங்க.
இன்னொன்று போனால்
கழிக்கவும் ஆளில்லை.

புது டிஸ்க் மதுரை பஸ்ஸில் வந்தது,
கண்டக்டர் சீட்டுக்கடியில், யாருடைய பலாப்பழத்தோடோ.
வேய்ந்தான்குளத்தில் வாங்கி
முக்கூடல் வரை மடியில் வைத்திருந்தேன்.
பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கினேன்.
இப்போதும் மணக்கிறது.

பெட்டியின் முகப்பில்
ஒன்று முதல் ஆறு வரை
யாரோ அழகாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.
நாலைப் பிடித்தேன்.
கொக்கியும் விட்டுக்கொடுத்தது, ஒரு 'டக்'.
இழுக்கும் நொடியில் உள்ளங்கையில் அதிர்வு.
செத்தது எதற்கு அதிரவேண்டும்?

இயந்திரம் சுழியிலிருந்து எண்ணும்.
ஸ்டிக்கர் ஒட்டியவர் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்.
அந்த ஒரு எண் இடைவெளியில்
என் கை இருந்தது.

கொக்கியை மெல்ல மூடினேன்.
விளக்கை மினுக்கும் கட்டளையை முதலிலேயே தட்டியிருக்க வேண்டும்;
இப்போது தட்டினேன்.
ஐந்தாம் ஸ்டிக்கருக்கு மேலே மஞ்சள்,
அணைந்து, எரிந்து, அணைந்து.
"அந்தா கண்ணடிக்கு" என்றார் சொள்ளமுத்து.

பழையது வந்தது. புதியது போனது.
நூற்றுக்கு சுழி.
நூற்றுக்கு ஒன்று.
அவர் இரண்டு டீ வாங்கி வந்தபோது பதினேழு.
அறுபத்து மூன்றில்
ஸ்லாட் ஒன்றின் பிழை முப்பத்தெட்டானது,
பிறகு மளமளவென்று நாற்பத்தொன்று.
நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை.
டீ கிளாஸை மட்டும்
மேஜையில் வைக்காமல் பிடித்திருந்தேன்,
வைத்தால் அதிருமோ என்று.

விடியும்போது நூறு.

கடிதம் போகும் முகவரியை மாற்றினேன், என் பெயருக்கு.
பிறகு யோசித்து, ஒரு கமா போட்டு,
சொள்ளமுத்துவின் செல் நம்பரையும் சேர்த்தேன்.
அறைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் ஒரே ஆள்.
"கத்துனா அடைக்காதீங்க, கூப்பிடுங்க.
அந்த ஒண்ணாம் நம்பர் ரொம்ப நாள் தாங்காது."

செல்லோடேப்பைத் துளித்துளியாய் உருட்டிக்கொண்டே
பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஒண்ணுன்னா... ரெண்டாவதுல்லா?"